விகாரி வருஷத்து எழவுக் கணக்கு: "சொல்லிவிட்ட வகை ஆள் 3" யார்?

பாமணிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே இதுவரை படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணி ஆற்றங்கரையில். 2023 ஐப்பசியில் அப்பா தவறிவிட்டார். தலைத்திவசம் முடிந்த பிறகு பரணை ஒழித்தபோது தகரப்பெட்டிக்குள் ஒரு நீள நோட்டு கிடைத்தது. துணி ஒட்டிய அட்டை, நடுவில் நூல் தைத்தது. தாத்தாவின் வரவு செலவு நோட்டு. விதை, உழவு, வண்டிமாடு, பெண் எடுத்த செலவு, கோயில் வரி எல்லாம் இருக்கிறது. அதில் மூன்று பக்கத்தின் மூலை மட்டும் மடித்து வைத்திருந்தது. பிரித்துப் பார்த்தால் மூன்றும் எழவுக் கணக்கு.

முதல் பக்கம் தாத்தாவின் அப்பாவுக்கு, தாத்தா கையெழுத்து. இரண்டாவது 1984-இல் தாத்தாவுக்கே, அப்பா எழுதியது. மூன்றாவது 2012-இல் அப்பாயிக்கு, அதுவும் அப்பா எழுதியது. நாலாவது கணக்கு அப்பாவுடையது. அது என் செல்போன் குறிப்பில் கிடக்கிறது, இன்னும் நோட்டில் ஏற்றவில்லை.

முதல் பக்கத்தின் தலைப்பு இப்படி: «விகாரி ௵ ஆவணி ௴ 14 ௳». கீழே சில வரிகளை அப்படியே தருகிறேன்.

«மூங்கில் 4, கீற்று, கயிறு ௹ 3.25»
«கோடி வேட்டி 2, காடா 6 கெஜம் ௹ 14.50»
«எருமுட்டை, வைக்கோல் வீட்டுது»
«பரியாரி நெல் மரக்கால் 6, வேட்டி 1»
«வெட்டியான் நெல் மரக்கால் 6, வாய்க்கரிசிக் காசு ௸யாருக்கே»
«மேளம் நெல் கலம் 1»
«௸யூர் ஆள் 3 சொல்லிவிட்ட வகை நெல் மரக்கால் 3, வழிச்செலவு ந.பை. 75. நீடாமங்கலம், வடுவூர், கோட்டூர்»

கருமாதிச் சமையல் வரை எழுதி, கொடுத்த நெல்லுக்கும் விலை போட்டுக் கூட்டியிருக்கிறார். ஆக ௹ 187.40. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் இருக்கிறது: நெல் 12 கலம் விற்றது 96, மொய் 61.40, கைமாற்று 30. பைசா பிசகாமல் 187.40. அப்பா செத்த பதினாறாம் நாள் ராத்திரி, சிம்னி விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒரு மனிதர் இதைக் கூட்டியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். நானும் கருமாதி அன்று ராத்திரிதான் கூட்டினேன்.

எனக்கு வந்த தொகை 1,86,000 ரூபாய். ஐஸ் பெட்டி இரண்டு நாளைக்கு 7,000 (தம்பி சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும்). பந்தல், நாற்காலி 14,000. ரதம் பூ அலங்காரத்தோடு 16,000. தப்பு (பறை) செட் 18,000. பிளெக்ஸும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் 6,800. வெடி 8,500. கருமாதி சாப்பாடு மட்டும் 72,000. மற்றதெல்லாம் சில்லறை. வெடிக்கு நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். தீபாவளிக்கே காதைப் பொத்திக்கொண்டு உள்ளறையில் போய் உட்கார்ந்துவிடுவார் அப்பா. "ஊர்ல எல்லாருக்கும் போட்டாச்சு, இவனுக்கு மட்டும் சத்தமில்லாம எடுக்கிறதா" என்று பெரியப்பா அழுதுகொண்டே கேட்டார். அதற்குமேல் நான் பேசவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்று கலம் 8 ரூபாய் வீதம் 187.40 என்பது ஏறக்குறைய 23 கலம் நெல். எங்கள் பக்கம் கலம் என்றால் 29 கிலோ சுமார். அவ்வளவு நெல்லை அப்பா போன அந்தப் பருவத்தில் கொள்முதல் நிலையத்தில் போட்டிருந்தால், சன்ன ரகத்துக்குக் குவிண்டால் 2,310 வீதம் பதினைந்தாயிரத்துச் சொச்சம் வந்திருக்கும். ஆனால் செலவானது 1,86,000. நெல்லை வைத்து அளந்தால் செலவு பன்னிரண்டு மடங்கு ஆகிவிட்டது. இத்தனைக்கும் அன்று பத்துப் பன்னிரண்டு ஏக்கர் வைத்திருந்த வீடு இது. இன்று இருப்பது ஒன்றேகால் ஏக்கர்.

இருந்தாலும் என்னைத் தூங்கவிடாமல் செய்தது தொகை இல்லை. அந்தச் "சொல்லிவிட்ட வகை" வரிதான். நாலு கணக்கிலும் அந்த ஒரு வரியை மட்டும் பின்தொடர்ந்து பார்த்தேன். முதல் பக்கத்தில் ஆள் 3. 1984-இல் "தந்தி 3, ஆள் 1க்கு ரூ. 10". 2012-இல் "செல் ரீசார்ஜ் 200". 2023-இல் அந்த வகையில் செலவே கிடையாது, வாட்ஸாப்பில் அனுப்பினோம். அதே வகையில்தான் பிளெக்ஸுக்கு 6,800 கொடுத்தோம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

மொய் எழுதிய ஒவ்வொருவருக்கும் தாத்தா பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் போட்டிருக்கிறார். ஒன்றேகால் ரூபாய் எழுதியவருக்கும் பெயர் இருக்கிறது. நடந்தே போய்ச் சேதி சொன்ன மூன்று பேருக்கும் "ஆள் 3" என்பதோடு சரி. நீடாமங்கலம் போய்த் திரும்ப இருபது மைலுக்குக் குறையாது.

நான் கேட்க நினைப்பவை: இந்தக் குறிகளையும் வருஷத்தையும் யாராவது விளக்க முடியுமா? அந்த மூன்று பேர் யார் என்று கண்டுபிடிக்க வழி உண்டா? உங்கள் வீட்டுக் கணக்கு இருந்தால், "சொல்லிவிட்ட வகை"யில் என்ன இருக்கிறது?

---

பழங்கணக்கு எழுதியது:

அம்மா, உங்கள் தகப்பனாருக்கு என் அஞ்சலி. வருவாய்த்துறையில் முப்பது வருஷம் பழைய கட்டுகளோடு உட்கார்ந்தவன் என்பதால் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

௳ நாள், ௴ மாதம், ௵ வருஷம், ௶ பற்று, ௷ வரவு, ௹ ரூபாய். நீங்கள் தடுமாறியது ௸ குறியில் என்று நினைக்கிறேன். அது "மேற்படி". ௸யார் என்றால் மேற்படியார், அதாவது வாய்க்கரிசியோடு விழுந்த காசெல்லாம் அந்த வெட்டியானுக்கே என்று எழுதியிருக்கிறார். இப்போது ஏழாவது வரியை மறுபடி படியுங்கள். "௸யூர் ஆள் 3" என்றால் மேற்படி ஊர் ஆள். வெளியூரிலிருந்து பிடித்து வந்த ஆட்கள் இல்லை, மூன்று பேரும் உங்கள் ஊர்க்காரர்கள். தேடுகிறவருக்கு இது பெரிய உதவி.

விகாரி அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும். 1899-1900, 1959-60, 2019-20. உங்களுடையது நடுவில் உள்ளதுதான் என்பதற்கு ந.பை. சாட்சி. நூறு பைசா கணக்கு 1957 ஏப்ரல் 1-இல்தான் வந்தது. பழைய பைசாவோடு குழம்பாமல் இருக்க "நயா பைசா" என்றார்கள், 1964-இல் அந்த "நயா"வை எடுத்துவிட்டார்கள். ஆகவே 1959 ஆகஸ்டு கடைசி. காசுக்குப் புதுக்கணக்கு வந்து இரண்டு வருஷமாகியும் நெல்லுக்குக் கலமும் மரக்காலுமே ஓடிக்கொண்டிருந்த காலம் அது. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம்.

இரண்டாவது கேள்வி. சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899-லேயே சட்டம் வந்துவிட்டது. ஊரில் கிராம முன்சீப்தான் பதிவேடு எழுதுவார். கர்ணம், முன்சீப் பதவிகளை 1980-இல் எடுத்துவிட்டு கிராம நிர்வாக அலுவலர்களைப் போட்டார்கள். உங்கள் கொள்ளுத் தாத்தாவின் இறப்பு அந்தப் பதிவேட்டில் இருந்தால், அதே பதிவேட்டில் ஊரின் எல்லாத் தெருவும் இருக்கும். வீட்டு நோட்டில் பெயர் இல்லாதவருக்கும் அங்கே பெயரும் தகப்பன் பெயரும் வயதும் இருக்க வேண்டும். தாலுகா அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். எங்கள் குடும்பத்து 1940-களின் பதிவு ஒன்று சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் அகப்பட்டது. வருஷம் மட்டும் சொன்னால் தேட மாட்டார்கள், மாதத்தோடு சொல்லுங்கள்.

ஆனால் பதிவேட்டில் "எழவு சொல்லப் போனவர்" என்று எழுதியிருக்காது. ஊரில் வயதானவர்களைக் கேட்டு ஒரு பெயரையாவது வாங்கிக்கொண்டு போனால்தான் பதிவேடு பேசும்.

---

கோட்டூரான் எழுதியது:

படிச்சதும் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். எங்க தாத்தா இந்த வேலை பார்த்தவர். உங்க நோட்டுல இருக்க மூணு பேர்ல அவர் இல்லை, அவர் கோட்டூர்ப் பக்கத்து ஆளு. ஆனா அந்த மூணு பேரும் அன்னைக்கு என்ன பண்ணியிருப்பாங்கன்னு என்னால சொல்ல முடியும். எங்க அப்பா சொல்லிச் சொல்லிக் கேட்டது.

ராத்திரி உசுரு போச்சுன்னா ராத்திரியே கூப்பிடுவாங்க. ஆவணியில ஆத்துல தண்ணி போகும், வயல்ல நடவு. வரப்பு வழியாத்தான் போகணும். கையில ஒரு அரிக்கேன், இல்லேன்னா அதுவும் கெடையாது. போற ஊர்ல வீட்டு வாசலுக்குப் போகக் கூடாது. கொல்லைப்பக்கம் நின்னு குரல் கொடுக்கணும். "செத்துட்டார்"னு சொல்லக் கூடாது, "காரியம் ஆகிப்போச்சுங்க"ன்னு சொல்லணும். சேதி கேட்ட வீட்டுல ஒரு படி நெல்லோ கஞ்சியோ தருவாங்க. கஞ்சின்னா எதுல ஊத்துனாங்கன்னு நான் எழுதல. உடனே திரும்பணும். ஏன்னா பொணம் எடுக்கறதுக்குள்ள வந்து பறை அடிக்கணும். வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, சிண்டுக்குச்சியும் அடிக்குச்சியும் எடுத்தா சுடுகாடு வரைக்கும் நிறுத்தக் கூடாது. இருபது மைல் நடந்த காலோட.

மூணு மரக்கால்னு எழுதியிருக்கீங்க. ஆளுக்கு ஒரு மரக்கால். அது கூலின்னு நெனைச்சுடாதீங்க. கூலின்னா "மாட்டேன்"னு சொல்லலாம். 1952-ல பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, ஆளை நெனைச்ச நேரத்துல வெளிய அனுப்ப முடியாதுன்னு. சங்கம் கூலி கேட்டுப் போராடுச்சு. 1968-ல வெண்மணியில 44 பேரை எரிச்சாங்க. இவ்வளவும் நடந்த காலத்துலயும் எங்க ஊர்ல எழவு சொல்லப் போறது மட்டும் மாறவே இல்லை. சங்கக் கொடி பிடிச்ச எங்க தாத்தாவே ராத்திரி கூப்பிட்டா போயிருக்கார்.

நிறுத்துனது எங்க அப்பா காலத்துல, எண்பதுகள்ல. இளவட்டங்க கூடி, இனிமே சாவுக்கு அடிக்கறதில்லை, சேதி சொல்லப் போறதில்லைன்னு முடிவு பண்ணாங்க. ஒரு போகம் முழுக்க யாருக்கும் அறுப்பு வேலை தரல. எங்க அம்மா நண்டும் நத்தையும் பொறுக்கிட்டு வந்து எங்களை வளர்த்த வருஷம் அது. தண்டோரா போடறதுக்கு அரசாங்கம் தடை போட்டது 2022-ல. எங்காளுங்க தாங்களே விட்டது அதுக்கு நாப்பது வருஷம் முந்தி.

இன்னொன்னும் சொல்லணும். உங்க கணக்குல தப்பு செட் 18,000-னு இருக்கே. என் சித்தப்பா மகன் இப்போ ஒரு செட் வெச்சிருக்கான். எட்டுப் பேர், ஒரே மாதிரி சட்டை, வேன். அவன்தான் தொகை சொல்லுவான், முன்பணம் போன்ல வாங்கிக்குவான், முகூர்த்த நாள்ல வேற ஊர் ஒத்துக்கிட்டான்னா எவ்வளவு பெரிய வீடா இருந்தாலும் வர முடியாதுன்னுடுவான். எட்டுப் பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 2,250, வேன் வாடகை போனா இன்னும் குறைவு. ரதமும் வெடியும் உங்களுக்கு வீண்செலவாப் படலாம். அந்த 18,000-த்தை மட்டும் அதோட சேர்த்துடாதீங்க.

பேர் கண்டுபிடிச்சா அந்த நோட்டுலயே எழுதுங்க. தனிக் காகிதத்துல வேண்டாம்.

---

சிராங்கூன்மகள் எழுதியது:

உங்கள் தம்பி சிங்கப்பூர் என்று பார்த்ததும் எழுதத் தோன்றியது. நான் பிறந்தது வடுவூர்ப் பக்கம், கட்டிக்கொடுத்தது இங்கே.

2019-இல் மாமனார் இங்கேயே தவறினார். அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் பந்தல் போல் துணி கட்டி இரண்டு நாள் வைத்திருந்தோம். அதற்கு அனுமதி வாங்க வேண்டும், ராத்திரி சத்தம் கூடாது, மேல்மாடிச் சீனக் குடும்பம் வந்து ஒரு வெள்ளைக் கவரில் பணம் கொடுத்துத் தலை குனிந்துவிட்டுப் போனது. அவர்கள் மொய்யும் நம் மொய்யும் ஒன்றுபோலத்தான். மண்டாய் தகனச்சாலையில் கட்டணம் நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மற்றதெல்லாம் சேவை நிறுவனத்துக்குப் போனது, அது அதைப்போல் எத்தனையோ மடங்கு. கொடுத்த நேரத்துக்குப் போய், கொடுத்த நேரத்துக்குள் முடித்து வெளியே வர வேண்டும். அடுத்த குடும்பம் வாசலில் நிற்கும். சாம்பலைப் படகில் கொண்டுபோய் செமாக்காவ் தீவுக்குத் தெற்கே கடலில் கரைத்தோம். படகுக்காரர் என்ஜினை நிறுத்திவிட்டுத் தானும் கை கூப்பினார்.

என் சொந்த அப்பா போனது 2021-இல். கொரோனா. விமானம் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் தனிமைப்படுத்தல். சித்தி மகன் செல்போனைப் பிடித்துக் காட்டினான். ஒப்பாரி தொடங்கியதும் சிக்னல் விட்டு விட்டு வந்தது. எனக்குப் பதிலாக என் சித்தி வாய்க்கரிசி போட்டாள். என் பெயரைச் சொல்லிப் போட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது.

ஐஸ் பெட்டிக்குக் கொடுத்த 7,000 ரூபாயை நினைத்து வருந்தாதீர்கள். உங்கள் தம்பிக்கு அப்பாவின் முகம் கிடைத்தது.

வடுவூர்ப் பக்கம் யாருக்குச் சேதி போனது என்று நோட்டில் இருக்கிறதா? எங்கள் பெரியம்மாவுக்கு எண்பத்தாறு வயது. கேட்டுப் பார்க்கிறேன்.

---

குடமுருட்டி எழுதியது:

சுருக்கமாக. திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து எங்கள் ஊரில் நாலு வருஷமாக ஒரு ஏற்பாடு இருக்கிறது. சாவு விழுந்தால் வீட்டுக்கு 200 ரூபாய், எல்லாத் தெருவும். ஐஸ் பெட்டி ஊர்ச் சொத்து, வாடகை கிடையாது. வெடி, பிளெக்ஸ் இரண்டும் கூடாது. முதல் வருஷம் சண்டை வந்தது. வசதியான ஒரு வீட்டில் இந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒத்துக்கொண்ட பிறகுதான் மற்றவர்கள் மூச்சு விட்டார்கள். அதுவரை "அவங்க போட்டாங்களே" என்று கடன் வாங்கி வெடி போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அரசு மருத்துவமனையில் உயிர் போனால் 155377-க்கு அழையுங்கள். இலவச அமரர் ஊர்தி ஊர் வரை கொண்டுவந்து விடும். எங்கள் அத்தைக்கு இது தெரியாமல் தனியார் வண்டிக்குக் கொடுத்தோம், அந்த நேரத்தில் பேரம் பேச யாருக்கு வாய் வரும்?

எங்கள் வீட்டில் நோட்டு எதுவும் இல்லை. உங்களுடையதைக் கரையான் தொடாத இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து மூன்று பேரிடம் கொடுத்து வையுங்கள்.

---

பாமணிக்கரை எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாததற்குக் காரணம், கையில் ஏதாவது கிடைத்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

கோட்டூரான் அண்ணனுக்கு முதலில். தப்பு செட்டை வெடியோடு சேர்த்து நான் ஒரே மூச்சில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். நீங்கள் சொன்னது சரி. அப்பாவுக்கு அடித்தவர்களில் ஒருவரின் முகம் கூட எனக்கு நினைவில் இல்லை. அவர்கள் முன்னால் அடித்துக்கொண்டு போக, சுடுகாடு வரை நானும் நடந்தேன். (எங்கள் தெருவில் சுடுகாட்டுக்குப் போன முதல் பெண் நான்தான். போகலாமா என்று யாரையும் கேட்கவில்லை, ரதம் நகர்ந்ததும் பின்னால் நடந்தேன். பெரியப்பா திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.) செட் வைத்திருப்பவரின் எண் பில்லில் இருந்தது. கூப்பிட்டு எட்டுப் பேரின் பெயரையும் வாங்கிவிட்டேன். "எதுக்குக்கா?" என்றார். கணக்கு நோட்டில் எழுத என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு ஒவ்வொரு பெயராக, அவரவர் ஊரோடு, நிதானமாகச் சொன்னார்.

1959-க்கு வருகிறேன். தெற்குத் தெருவில் ஒரு ஆயா இருக்கிறார், தொண்ணூறு வயதிருக்கும். நான் பிறந்து வளர்ந்த ஊர்தான், ஆனால் அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து பேசியது இதுதான் முதல் தடவை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் மறைக்கவில்லை. நோட்டைக் கையில் எடுத்துப் போனேன். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்டினேன். "நெல் மரக்கால் 3" என்றதும் கையை உயர்த்தி நிறுத்தினார். "மூணு இல்ல தாயி. தலை தட்டித்தான் குடுப்பாக. ரெண்டேமுக்கால்தான் வந்துருக்கும்."

நீடாமங்கலம் போனவரை ஆயாவுக்குத் தெரிந்திருந்தது. அவருடைய கொழுந்தன். போகும்போது ஆற்றில் தண்ணீர் ஏறி, வேட்டியை அவிழ்த்துத் தலையில் கட்டிக்கொண்டு தாண்டினாராம். திரும்பி வருவதற்குள் பிணம் எடுத்துவிட்டார்களாம். பறைக்கு ஆள் குறைந்ததென்று எங்கள் வீட்டு வாசலில் வைத்தே அவரை ஏசினார்களாம். "உங்க கொள்ளுத்தாத்தன் எழவுன்னா எனக்கு அதுதான் நெனப்பு" என்றார் ஆயா. ஏசியது யார் என்று நான் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், சொல்லவில்லை. அந்த வீட்டில் அன்று ஏசக்கூடியவர் என் தாத்தா ஒருவர்தான்.

பழங்கணக்கு ஐயா சொன்னபடி பெயரோடு தாலுகா அலுவலகம் போனேன். மூன்று தடவை அலைந்தேன். மூன்றாம் தடவை ஒரு பெண் எழுத்தர் உட்கார வைத்துத் தேடிக் கொடுத்தார். கொள்ளுத் தாத்தாவின் பதிவு இருந்தது. "காய்ச்சல்" என்று காரணம் போட்டிருக்கிறது, வயது 70 என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது தப்பு, 61. நீடாமங்கலம் போனவரும் அந்தத் தொடரில் பின்னால் ஒரு பதிவேட்டில் இருக்கிறார், தகப்பன் பெயரோடு. வயது 44.

அவருடைய பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். போனில் பேசினேன். பெயரை இணையத்தில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நோட்டில் எழுதலாமா என்றேன். "எழுதுங்க. பதிவேட்டுல இருக்கற மாதிரி அப்பா பேரையும் சேர்த்து எழுதுங்க" என்றார். போன வெள்ளிக்கிழமை எழுதினேன். 1959 பக்கத்தில் "ஆள் 3" என்ற வரிக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. பென்சிலால் எழுதிப் பார்த்துவிட்டுப் பிறகு மையால் எழுதினேன். தாத்தாவின் எழுத்தை அடிக்கவில்லை, திருத்தவில்லை.

அப்பாவின் கணக்கையும் ஏற்றிவிட்டேன். சோபகிருது வருஷம் ஐப்பசி. ௹ குறி போட்டே எழுதினேன், இப்போது கை பழகிவிட்டது. குடமுருட்டி ஐயா சொன்ன ஏற்பாட்டைப் பற்றிப் பெரியப்பாவிடம் பேசினேன். ஐஸ் பெட்டி வாங்கலாம் என்கிறார், வெடியைப் பற்றி யோசிக்க வேண்டும் என்கிறார்.

சிராங்கூன்மகள் அக்கா, வடுவூரில் சேதி போனது கொள்ளுத் தாத்தாவின் தங்கை வீட்டுக்கு. பெரிய கோயிலுக்கு மேற்கே ஓட்டு வீடு என்று அத்தை சொல்கிறார். கோட்டூரில் யார் வீடு என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அந்த இரண்டு ஊருக்கும் போனவர்கள் யார் என்று ஆயாவுக்கு நினைவில்லை, ஒருவர் மட்டும் இடது கால் சற்றுச் சாய்த்து நடப்பவர் என்றார். நோட்டில் அவர்களுக்கு இரண்டு வரி காலியாக விட்டிருக்கிறேன். 1959 ஆவணியில், நடவு நாளில், பாமணிக்கரையிலிருந்து ஒருவர் வந்து கொல்லைப்பக்கம் நின்று எழவு சொன்னதாக உங்கள் வீட்டில் யாராவது பேசியிருந்தால் இங்கே எழுதுங்கள்.